வீடு கட்டும் பில்லில் எங்கே பார்க்க வேண்டும்

திருச்சிக்கு அருகே தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு கட்டிவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொருளும் கூலியும் சேர்த்து, வேலை வாரியாக விலை பேசி ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். ரூஃப் கான்கிரீட் முடிந்து மூன்றாவது பில் வந்திருக்கிறது. விலைகள் பேசியபடியே இருக்கின்றன. ஆனால் மொத்தத் தொகை நாங்கள் நினைத்ததைவிட மிக அதிகம். பொறியியல் படிக்காத நான் இதை எப்படிச் சரிபார்ப்பது? அளவைக் கேட்டால் ஒப்பந்ததாரரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடாதா?"

ஒப்பந்ததாரர் பக்கம் உட்கார்ந்து பில் போட்டிருக்கிறேன். உரிமையாளர் பக்கம் நின்று அதே மாதிரி பில்களைச் சரிபார்த்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஆகாது. கட்டட வேலையில் அளவைச் சரிபார்ப்பது வேலையின் ஒரு பகுதி. மத்தியப் பொதுப்பணித் துறையில் இளநிலைப் பொறியாளர் எடுத்த அளவுகளில் பாதியையாவது உதவிப் பொறியாளர் தளத்துக்குப் போய் மறுபடி அளந்து பார்க்க வேண்டும், அதற்கு மேல் செயற்பொறியாளர் பத்து சதவீதத்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுங்கால மரபு. அளவுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. அழித்து எழுதக் கூடாது. தவறு நேர்ந்தால் கோடிட்டு அடித்து அருகில் கையெழுத்திட வேண்டும். ஒரே துறையில் பணிபுரிகிறவர்களே ஒருவர் எடுத்த அளவை இன்னொருவர் பார்க்கிறார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு வீடு கட்டுகிற உங்களுக்கு அந்த உரிமை நிச்சயம் உண்டு.

நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் விலையில் காட்டும் கவனத்தை அளவில் காட்டுவதில்லை. கன அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்க இரண்டு வாரம் பேரம் பேசுகிறார்கள். பிறகு பில் வந்ததும் விலைப் பத்தியை மட்டும் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுவிட்டு, அளவுப் பத்தியை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். பில் என்பது அளவை விலையால் பெருக்கிய தொகை. விலை எழுத்தில் இருப்பதால் அதில் யாரும் கை வைக்க முடியாது. ஏறுவதெல்லாம் அளவில்தான் ஏறுகிறது. அதிலும் பெரும்பகுதி, மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறைந்துவிட்ட வேலைகளில் ஏறுகிறது.

அதனால் உங்கள் கையில் இருக்கும் பில்லுக்கு அளவுத்தாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "ரூஃப் கான்கிரீட், 725 கன அடி" என்று ஒற்றை வரியில் இருந்தால் அது பில்லே அல்ல. பணம் கேட்கும் சீட்டு. ஒவ்வொரு வேலைக்கும் எந்த இடம், எத்தனை எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் என்று வரி வரியாக இருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எந்தப் பொறியாளராலும் உங்களுக்கு உதவ முடியாது. கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். உண்மையான அளவில் பில் போட்டவரிடம் அது ஏற்கெனவே இருக்கும்.

அடுத்து, பில்லின் அமைப்பு. பகுதி பில்களை இந்த மாதத்து வேலைக்கு மட்டும் என்று தனித்தனியாகப் போடும்போது, அடித்தளத்தில் இரண்டு தூண்கள் முதல் பில்லிலும் மூன்றாவது பில்லிலும் வந்திருந்தால் கண்ணில் படாது. தொடக்கத்திலிருந்து இன்றுவரை மொத்த அளவு, அதில் முந்தைய பில்கள் வரை கொடுத்த அளவு, மீதியாக இப்போது கேட்கும் அளவு என்று மூன்று பத்திகளில் கேளுங்கள். பக்கத்தில் ஒப்பந்தத்தில் மதிப்பிட்ட அளவையும் எழுதச் சொல்லுங்கள். வரைபடத்தில் மாற்றம் எதுவும் இல்லாமல், மதிப்பிட்ட அளவை ஒரு வேலை பத்து சதவீதம் தாண்டியிருந்தால் அந்த வரியில் நின்றுவிடுங்கள். விளக்கம் கிடைக்கும்வரை நகராதீர்கள்.

இனி அளவுத்தாளுக்குள் போவோம். முதலில் தேட வேண்டியது அடி-அங்குலக் கணக்கில் வரும் பிழை. பத்து அடி ஆறு அங்குலத்தை 10.6 என்று எழுதிப் பெருக்கியிருப்பார்கள். சரியான எண் 10.5. ஐந்தடி ஒன்பது அங்குலம் 5.75, அதை 5.9 என்று போட்டிருப்பார்கள். ஒன்பது அங்குலச் சுவரின் கனத்தை 0.75 என்று எடுக்காமல் 0.9 என்று எடுத்தால் அந்தச் சுவரின் கன அளவு மொத்தமும் 20 சதவீதம் கூடிவிடும். இது எப்போதும் உங்களுக்கு எதிராகவே போகும் என்று நினைக்காதீர்கள். ஏழடி பதினொரு அங்குலத்தை 7.11 என்று எழுதினால் நட்டம் ஒப்பந்ததாரருக்கு. சரியான எண் 7.92. கால்குலேட்டரோடு ஒரு மாலை உட்கார்ந்தால் இந்தப் பிழைகளை நீங்களே பிடித்துவிடலாம். இதற்குப் பொறியியல் தேவையில்லை.

கான்கிரீட்டில் அடிக்கடி நடப்பது, சேரும் இடங்களை இரண்டு முறை எண்ணுவது. 40 அடிக்கு 30 அடி வீடு, ரூஃப் கனம் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ரூஃப் மட்டும் 500 கன அடி. பீம்கள் 9 அங்குல அகலம், ரூஃபையும் சேர்த்து 15 அங்குல ஆழம், மொத்த நீளம் 240 அடி. பீமை 15 அங்குலமாகவே கணக்கிட்டால் 225 கன அடி வரும். ஆனால் மேலே உள்ள 5 அங்குலம் ஏற்கெனவே ரூஃப் கணக்கில் வந்துவிட்டது. ரூஃபுக்குக் கீழே தெரியும் 10 அங்குலத்தைத்தான் பீமாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 150 கன அடி. இந்த ஒரு வரியிலேயே 75 கன அடி வேறுபாடு. 650 கன அடி வேலைக்கு 725 கன அடிக்குப் பணம் போகிறது. கன அடி 250 ரூபாய் என்று பேசியிருந்தால் 18,750 ரூபாய். இதில் ஏமாற்று வேலை இருக்க வேண்டும் என்று இல்லை. வரைபடத்தில் 9க்கு 15 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கலாம். ஆனால் பணம் உங்களுடையது. இதேபோல் பீமும் தூணும் சேரும் இடம் ஏதாவது ஒன்றின் கணக்கில்தான் வர வேண்டும். இரண்டு பீம்கள் குறுக்கிடும் இடமும் அப்படியே.

ஆலையில் கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் போட்டிருந்தால் உங்களுக்கு இன்னும் எளிது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு ரசீது உண்டு. எத்தனை கன மீட்டர், எந்தத் தரம், எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று அதில் இருக்கும். எல்லா ரசீதுகளையும் கூட்டி, 35.3ஆல் பெருக்கினால் கன அடி. பில்லில் இருக்கும் அளவு அதைவிட அதிகமாக இருக்கவே முடியாது. ஏனென்றால் கொஞ்சம் வீணாவதும் ரசீதுக்குள் அடங்கிவிடும். தளத்திலேயே கலவை போட்டிருந்தால் சிமென்ட் மூட்டைகளை வைத்துப் பார்க்கலாம். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை ஆகும். 650 கன அடி என்பது 18.4 கன மீட்டர். அதற்கு 147 மூட்டை. 725 கன அடிக்கு 164 மூட்டை. அன்றைக்கு எத்தனை மூட்டை பிரித்தார்கள் என்பது தெரிந்தால் பில் எந்த எண்ணுக்கு அருகில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூட்டைகள் 120தான் என்றால் பில்லைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது, கான்கிரீட்டின் வலிமை. அப்போது பணப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

செங்கல் சுவருக்கு வருவோம். ஒரு அறையின் உள்ளளவு 12க்கு 10 அடி, சுவர் 9 அங்குலம். நான்கு சுவர்களையும் வெளியளவில் அளந்து கூட்டினால் 50 அடி. சுவரின் நடுக்கோட்டில் அளந்தால் 47 அடி. மூலைகள் நான்கும் இரண்டு முறை எண்ணப்படுவதால் வரும் வேறுபாடு அது, ஆறு சதவீதத்துக்கும் மேல். சுவரின் உயரத்தையும் பாருங்கள். பீம் இருக்கும் இடத்தில் சுவர் பீமின் அடிமட்டத்தோடு முடிகிறது. ரூஃப் வரை கணக்கில் எடுத்திருக்கக் கூடாது. கதவு, ஜன்னல், அவற்றுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டையான லிண்டல் ஆகியவற்றைக் கழித்திருக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரைக் கன அடியில் போடுவதில்லை, சதுர அடியில்தான். அதற்குத் தனி விலை இருக்கும்.

பூச்சு வேலை உங்களுக்கு இனிமேல்தான் வரப்போகிறது, அதனால் இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். திறப்புகளைக் கழிப்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலையில் தெளிவான முறை இருக்கிறது. அரை சதுர மீட்டர் வரை, அதாவது ஐந்தரை சதுர அடிக்குள் உள்ள வென்டிலேட்டர் போன்ற திறப்புகளுக்குக் கழிவு இல்லை. அரை முதல் மூன்று சதுர மீட்டர் வரை இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்கிறபோது ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். 3க்கு 7 அடிக் கதவும் 4க்கு 4 அடி ஜன்னலும் இந்த வகையில் வரும். கழிக்காமல் விட்ட மறுபக்கம், சுவரின் கனத்தில் உள்ள ஓரப் பூச்சுக்கு ஈடாகிவிடுகிறது. ஆகவே ஓரத்தைத் தனியாகக் கேட்கக் கூடாது. மூன்று சதுர மீட்டருக்கு மேல், அதாவது 32 சதுர அடியைத் தாண்டினால், இரண்டு பக்கமும் கழித்துவிட்டு ஓரங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த பல பில்களில் ஒரு பக்கம்கூடக் கழிக்காமல், ஓரத்தையும் தனியாகச் சேர்த்திருந்தார்கள். "எங்கள் பக்கத்தில் வழக்கமே இதுதான்" என்பார்கள். ஒப்பந்தத்தில் "அளவுகள் ஐ.எஸ். 1200 முறைப்படி" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் பூச்சு தொடங்கும் முன் ஒரு கடிதமாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெயின்ட் வேலைக்கும் சுவரைப் பொறுத்தவரை பூச்சுப் பரப்பையே எடுத்துக்கொள்ளலாம்.

கம்பிதான் எல்லாவற்றிலும் முக்கியம். பணமும் அதில் அதிகம், வீட்டின் உயிரும் அதில்தான் இருக்கிறது. ஒரு மீட்டர் கம்பியின் எடையைக் கண்டுபிடிக்க விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ, 10 மி.மீ. 0.617, 12 மி.மீ. 0.888, 16 மி.மீ. 1.58. இந்த நான்கு எண்களைக் கைபேசியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்க வேண்டியது கம்பி வளைப்புப் பட்டியல். ஒவ்வொரு பீமிலும் எத்தனை கம்பி, என்ன நீளம், எத்தனை வளையம் என்று அதில் இருக்கும். எடை அந்தப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். "ரூஃபுக்கு மொத்தம் இத்தனை டன்" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

40 அடி நீளத்தில் 6 அங்குல இடைவெளியில் 10 மி.மீ. கம்பி பரப்பினால் 81 கம்பிகள். 5 அங்குல இடைவெளி என்றால் 97. வரைபடத்தில் 5 அங்குலம், பில்லில் 97, தளத்தில் பரப்பியது 81 என்று ஆகிவிட்டால், 30 அடி நீளக் கம்பிகள் பதினாறு, சுமார் 90 கிலோ உங்கள் வீட்டுக்குள் இல்லை. தொகையாகப் பார்த்தால் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் அந்த ரூஃபுக்குக் கீழே குழந்தைகள் தூங்கப்போகிறார்கள். இதைக் கான்கிரீட் போட்ட பிறகு கண்டுபிடிக்க கவர் மீட்டர் என்ற கருவியைக் கொண்டுவர வேண்டும். போடுவதற்கு முந்தைய மாலை என்றால் ஒரு டேப்பும் பத்து நிமிடமும் போதும்.

கம்பியின் விலைக்குள் எது அடக்கம் என்பதிலும் தகராறு வரும். இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் வரைபடப்படி போட்ட ஒட்டு நீளத்தையும், மேல் கம்பியைத் தாங்கும் நாற்காலிக் கம்பிகளையும் அளவில் சேர்ப்பது நியாயம். வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளும் கட்டுக்கம்பியும் விலைக்குள் அடங்கியவை. "சேதாரம் ஐந்து சதவீதம்" என்று அடியில் தனி வரி இருந்தால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் இல்லாவிட்டால் அந்த வரியை நீக்கச் சொல்லலாம். இன்னொன்று, ஆலையிலிருந்து வரும் கம்பியே பெயரளவு எடையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். ஐ.எஸ். 1786 தரநிலை 10 மி.மீ. வரை ஏழு சதவீதமும், அதற்கு மேல் 16 மி.மீ. வரை ஐந்து சதவீதமும் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. ஒப்பந்ததாரர் எடைமேடை காட்டிய எடைக்குக் கடையில் பணம் கொடுத்துவிட்டு, உங்களிடம் சூத்திர எடைக்கு வாங்கினால், இரண்டு டன்னில் நூறு கிலோ வரை நடுவில் போய்விடும். 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி 10.66 கிலோ இருக்க வேண்டும். லோடு இறங்கும்போது பத்துக் கம்பியை எடைபோட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். சூத்திர எடை, உண்மை எடை இரண்டில் எது குறைவோ அதற்கே பணம் என்று பேசிக்கொள்வது நல்லது.

மண்ணுக்குள் போன வேலைகளுக்கு உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்றாலும் அதைப் பற்றிக் கொஞ்சம். அடித்தளக் குழிக்கு வரைபடத்தில் உள்ள நீள, அகலத்தையும், உண்மையில் தோண்டிய ஆழத்தையும் எடுக்க வேண்டும். பொக்லைன் அகலமாகத் தோண்டியதற்கோ, வெளியே குவித்த மண்ணின் லோடு எண்ணிக்கைக்கோ பணம் இல்லை. தோண்டிய மண் உதிர்ந்து கால் பங்கு வரை பெருகும். 1,500 கன அடிக் குழிகளிலிருந்து 1,850 கன அடி மண் வெளியே நிற்கும். லாரியை எண்ணிப் பில் போட்டால் இந்தப் பெருக்கத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். பாறை வந்தது என்று தனி விலை கேட்டிருந்தால், குழி திறந்திருந்தபோது எடுத்த படம் வேண்டும். எந்தக் குழி, எந்த ஆழத்திலிருந்து பாறை என்பது அதில் தெரிய வேண்டும்.

பொருளை வாங்கியதற்கான பில்லோடு லாபச் சதவீதம் சேர்த்துக் கொடுக்கும் முறையில் கட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் ஒப்பந்தம் அதுவல்ல என்றாலும் அவர்களுக்காக இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் பணம் மிக அதிகமாகக் கசிவது அந்த முறையில்தான். செலவு கூடினால் ஒப்பந்ததாரரின் லாபமும் கூடுகிறது; சிக்கனமாக இருக்க அவருக்குக் காரணமே இல்லை. வாசலில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, வண்டி எண், என்ன பொருள், எவ்வளவு, யார் இறக்கினார்கள் என்று எழுதி, வீட்டார் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கடை பில் வரும்போது அந்த நோட்டில் வரவு இருந்தால் மட்டும் பணம். மூலப் பில் ஒரு மாதமும் அதன் நகல் அடுத்த மாதமும் வருவதை இந்த நோட்டு ஒன்றே தடுத்துவிடும். எம்-சாண்ட் லோடுக்கு வண்டியின் உள்ளளவை எடுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 14 அடி நீளம், 7 அடி அகலம் உள்ள வண்டியில் மூன்று யூனிட் என்றால் மணல் மூன்றடிக்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். நடுவில் குவித்து ஓரத்தில் தாழ்ந்திருந்தால் சமப்படுத்திவிட்டு நான்கைந்து இடத்தில் ஆழம் பாருங்கள். ஈர மணல் உலர்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

கூடுதல் வேலைகள் என்ற தலைப்பு உங்கள் பில்லில் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொன்னதற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள், குறுஞ்செய்தியாக இருந்தாலும் போதும். அதைவிட முக்கியம், கூடுதலுக்கு எதிரே கழிக்க வேண்டியது கழிந்திருக்கிறதா என்பது. சமையலறை மேடைக்கு டைல்ஸ் என்று பேசிப் பிறகு கிரானைட் போட்டால், கிரானைட்டின் முழுத் தொகையும் கூடுதலில் ஏறிவிடும். டைல்ஸுக்கான தொகை பழைய இடத்தில் அப்படியே நிற்கும். வேறுபாட்டை மட்டும்தான் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்று விட்ட பரண், கட்டாமல் விட்ட சுவர், இவற்றைக் கழிக்க நினைவுபடுத்த யாரும் வரமாட்டார்கள். நீங்கள்தான் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

வரியையும் ஒருமுறை பாருங்கள். பொருளோடு சேர்ந்த கட்டட ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பதிவு பெறாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. பில்லில் 15 எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று உடனே தெரியும். சிறு தொழில் செய்வோருக்கான தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவர் என்றால் அவரும் உங்களிடம் வரியைத் தனியாக வாங்க முடியாது. தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசிய ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு. பொருள் விலை ஏறியது என்று விலையை உயர்த்திக் கேட்டிருந்தால் இறங்கியதையும் கேளுங்கள். சிமென்ட்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 300 ரூபாயாக இருந்த மூட்டை 384 ரூபாயிலிருந்து 354 ரூபாய்க்கு வந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தம் போட்டு, அதன் பிறகு உயர்வு கேட்கிறவரிடம் இந்தக் கணக்கைப் பேசுவது நியாயம்.

இவ்வளவு பார்த்த பிறகும் மிச்சமிருக்கும் ஒரு கேள்வி, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது: இன்றைக்கு இந்த ஒப்பந்ததாரர் வராமல் நின்றுவிட்டால், மீதி வேலையை வேறொருவரை வைத்து முடிக்க எவ்வளவு ஆகும்? அந்தத் தொகை உங்கள் கையில் இருக்கிறதா? ரூஃப் முடிந்த வீட்டில் பூச்சு, தரை, கதவு ஜன்னல், மின்சாரம், குழாய், பெயின்ட் எல்லாம் மீதி இருக்கின்றன. வீட்டின் தரத்தைப் பொறுத்து செலவில் ஏறத்தாழ பாதி இன்னும் வர வேண்டியிருக்கும். மொத்தம் 24 லட்சம் என்று பேசிய வீட்டில் இந்தப் பில்லோடு 17 லட்சம் போய்விட்டால், மிச்சமுள்ள 7 லட்சத்தில் முடிக்க யாரும் வரமாட்டார்கள். ஒவ்வொரு வரியும் சரியாக அளந்ததாகவே இருக்கலாம். முதலில் செய்யும் வேலைகளுக்கு விலையை ஏற்றியும் கடைசியில் செய்யும் வேலைகளுக்குக் குறைத்தும் ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தால் இப்படி ஆகும். பாதியில் நிற்கும் வீடுகள் பலவற்றின் கதை இதுதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாகக் கொடுப்பவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது பில்லுக்கு என்ன செய்வது? அளவுத்தாளும் கம்பிப் பட்டியலும் வாங்குங்கள். அடி-அங்குலப் பிழைகளை நீங்களே பாருங்கள். பிறகு இந்த வேலையோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரை, பேசிய ஒரே தொகைக்கு, ஒரு நாள் வரச் சொல்லுங்கள். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஊதியம் பேசாதீர்கள். பில் பெரிதானால் அவருடைய பங்கும் பெரிதாகும். அவரும் ஒப்பந்ததாரரின் ஆளும் நீங்களும் சேர்ந்து தளத்தில் அளக்க வேண்டும். ரூஃபின் நீள அகலத்தையும் பீமின் ஆழத்தையும் இன்றும் அளக்கலாம். ரூஃபின் கனத்தைப் படிக்கட்டுத் திறப்பின் ஓரத்தில் பார்க்கலாம். உள்ளே இருக்கும் கம்பிக்கு அன்று எடுத்த படங்களும் எடைமேடைச் சீட்டுகளும்தான் ஆதாரம்; அவை இல்லாவிட்டால் வரைபட அளவுக்கு மேல் ஒரு கிலோகூட ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அளந்து முடித்ததும், ஒப்புக்கொண்ட பகுதிக்கான பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். தகராறில் உள்ள வரிகளை மட்டும் நிறுத்திவையுங்கள், காரணத்தை வரிவரியாக எழுதிக் கொடுங்கள். முழுப் பில்லையும் நிறுத்தினால் சனிக்கிழமை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி நின்றுபோகும்; அவர்கள் இந்த அளவுத் தாளில் ஒரு எண்கூட எழுதியவர்கள் அல்லர். சரிபார்க்கும்போது ஒப்பந்ததாரர் விட்டுவிட்ட வேலை கண்ணில் பட்டால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். குழி ஒன்று வரைபடத்தைவிட ஓரடி ஆழமாகப் போயிருக்கும், அவர் பழைய ஆழத்துக்கே பில் போட்டிருப்பார். அப்படி ஒன்றை நீங்களே எடுத்துக் காட்டினால், அடுத்த பில்லை அவர் வேறு மாதிரி எழுதுவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதத்தைப் பிடித்துவைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இப்போதே பேசி, எழுத்தில் வாங்குங்கள். அதை வீடு முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு விடுவித்தால் போதும். ரூஃப் ஒழுகுவதும் ஜன்னலோரம் ஈரம் ஏறுவதும் ஐப்பசி கார்த்திகையில்தான் தெரியும். அடுத்த பில்லில் பூச்சும் மின்சாரக் குழாய்களும் வரும். சுவருக்குள் குழாய் பதித்த அன்று, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப் தெரியும்படி படம் எடுத்துத் தேதியோடு சேமித்துவையுங்கள். பில்லுக்கும் உதவும், பிறகு சுவரில் ஆணி அடிக்கும்போதும் உதவும்.